பிற பண்பாட்டுப் புதிய புத்தகங்கள் நூலக வாசகர் கண்ணில் ஆன்லைனில் பட என்ன செய்யலாம்?

மலர்விழி_ஸ்கார்பரோ (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் ஒரு பொது நூலகத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். எங்கள் கிளைக்குத் தமிழர், சீனர், பிலிப்பைன்ஸ்காரர்கள், உருது பேசுகிறவர்கள், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். புத்தகங்களும் அப்படித்தான், பல மொழிகளில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. ஆனால் எங்கள் இணையதளத்தில் 'புதிய வரவு' பக்கத்தைத் திறந்தால் கண்ணில் படுவது அமெரிக்க பெஸ்ட்செல்லர்கள்தான். மற்ற மொழிப் புத்தகங்கள் 'உலக மொழிகள்' என்ற மெனுவுக்குள்ளே, அதற்கும் உள்ளே இருக்கிற இன்னொரு மெனுவில் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நாவல்களின் கதி இன்னும் மோசம். ஆங்கிலப் புனைகதைக் கூட்டத்தில் அவை காணாமலே போய்விடுகின்றன.

இதைச் சரிசெய்யப் புதிய பக்கம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் வாசகருக்குத் தமிழ்ப் புத்தகத்தைக் காட்டுவது முதல் வேலை, அது அவர் உரிமை. அதோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் குடும்பத்தின் கதை நம் வீட்டுப் பிள்ளைக்கும், நம் ஊர்க் கதை அந்த வீட்டுப் பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும். வேறு வேறு நாட்டு நூலகங்களைப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிற பண்பாட்டுப் புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்து சேர்கிறது? எது உதவுகிறது, எது வெறும் அலங்காரம்?

---

தெம்பனிஸ்_வாசகி

நல்ல கேள்வி மலர். சிங்கப்பூர் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இங்கே நான்கு அதிகாரபூர்வ மொழிகள். தேசிய நூலக வாரியத்தின் தளத்திலும் செயலியிலும் நான்கு மொழிக்கும் இடம் உண்டு, தமிழ்ப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. 2015-இல் நாட்டின் பொன்விழாவை ஒட்டி, 1965 முதல் அரை நூற்றாண்டில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தன்னார்வலர்களும் வாரியமும் சேர்ந்து மின்னாக்கம் செய்தார்கள். வீட்டிலிருந்தே படிக்கலாம். இதெல்லாம் பெரிய வேலை, வாய் நிறையப் பாராட்டுகிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு மொழிவாரிப் பட்டியல் உதவாது. எனக்கு மலாய் படிக்கத் தெரியாது, அதனால் மலாய்ப் பட்டியலை நான் திறப்பதே இல்லை. அதே சமயம், மலாயில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்த நாவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது ஆங்கிலப் பட்டியலில் இருக்கிறது. அது மலாயிலிருந்து வந்தது என்று அட்டையை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு உதவியது பரிசுக் குறும்பட்டியல்தான். சிங்கப்பூர் இலக்கியப் பரிசு சீனம், ஆங்கிலம், மலாய், தமிழ் நான்குக்கும் வழங்கப்படுகிறது. குறும்பட்டியல் வந்ததும் மற்ற மூன்று மொழிகளிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன், அவர்களுடைய பழைய நூல் ஏதாவது ஆங்கிலத்தில் கிடைக்கிறதா என்று நூலகத் தளத்தில் தேடுவேன்.

அதனால் பக்கத்தைப் பிரிக்கும்போது 'எந்த மொழியில் படிக்கலாம்', 'எந்த மொழியிலிருந்து வந்தது' என்று இரண்டு வாசல் வையுங்கள். பெரும்பாலான நூலகங்கள் முதல் வாசலோடு நிறுத்திக்கொள்கின்றன.

---

கேட்லாகர்_சுந்தரம்

வாசகி சொன்ன இரண்டாம் வாசலுக்குச் சாவி ஏற்கெனவே உங்கள் நூலகத்தில் இருக்கிறது மலர்விழி அம்மா. நான் பணிக்காலம் முழுக்கப் பட்டியலாக்கப் பிரிவில் இருந்தவன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூலகக் கணினியில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'மார்க்' பதிவு என்று ஒன்று இருக்கும். வாசகர் பார்க்கும் திரைக்குப் பின்னால் அது எண் எண்ணாகப் பிரிந்திருக்கும். அதில் 041 என்ற புலம் மொழிக்கானது. ஒழுங்காகச் செய்திருந்தால், அங்கே 'ஏ' என்ற உட்புலத்தில் புத்தகம் இப்போது இருக்கிற மொழியும், 'எச்' உட்புலத்தில் மூல மொழியும் இருக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன நாவலென்றால் முதலாவது ஆங்கிலம், இரண்டாவது தமிழ். 240-இல் மூலத் தலைப்பு இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பெயர் 700-இல் தனியாக இருக்கும்.

இவ்வளவும் பதிவில் இருந்தும் வாசகர் திரைக்கு வருவதில்லை என்பதுதான் நான் பல நூலகங்களில் கண்டது. தேடல் பக்கத்தின் இடது ஓரத்தில் 'மொழி' என்று வடிகட்டி வைப்பார்கள், 'மூல மொழி' என்று வைக்க மாட்டார்கள். உங்கள் தொழில்நுட்பப் பிரிவிடம் இதைக் கேளுங்கள். அவர்களால் முடியாது என்றாலும், 041-இல் மூல மொழி இருக்கிற புதிய பதிவுகளை மட்டும் மாதம் ஒருமுறை பட்டியலாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக்கு வேண்டிய கச்சாப்பொருள் முழுவதும் அதில் கிடைத்துவிடும்.

அடுத்து, டூயி எண், அதாவது நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கப் போடுகிற எண். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. மலையாளம் 894.812, கன்னடம் 894.814, தெலுங்கு 894.827. மலாய் 899.28, சிங்களம் 891.48, சீனம் 895.1, ஜப்பானியம் 895.6. எண்வாரியாக மேய்கிற வசதி உங்கள் தளத்தில் இருந்தால், இந்த எண்ணைப் போட்டதும் அந்த இலக்கியத்தின் மூலமும் மொழிபெயர்ப்பும் அக்கம்பக்கமாக வரும். புனைகதையை டூயி எண்ணில் அடுக்காமல் ஆசிரியர் பெயரில் அடுக்குகிற நூலகத்தில் இது பலிக்காது. அங்கே பொருள்தலைப்பு வழியாகப் போங்கள். 'தமிழ்ப் புனைகதை – ஆங்கில மொழிபெயர்ப்புகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு உண்டு, எல்லா மொழிக்கும் அதே அச்சில் இருக்கும். அந்தத் தேடலை ஒரு சுட்டியாகச் சேமித்து உங்கள் பக்கத்தில் போட்டுவிட்டால், புதுப் புத்தகம் வர வரத் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, பெயர்கள். மேல்நாட்டு நூலகங்கள் பிற மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அதில் சகரம் எங்கே வந்தாலும் ஆங்கில 'சி' எழுத்துதான். சுந்தர ராமசாமியை 'எஸ்' போட்டுத் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அவர் அங்கே 'சி'யில் தொடங்குகிறார், நடுவில் வருகிற 'சா'வுக்கும் 'சி'தான். புதுமைப்பித்தனுக்கு நடுவில் ஆங்கில D வராது, DH, TH எதுவும் வராது, 'து'வுக்கும் 'த'வுக்கும் T மட்டும்தான். இதெல்லாம் வாசகருக்கு எப்படித் தெரியும்? தமிழ் எழுத்திலேயே தேடலாம் என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதி வையுங்கள். 880 என்ற புலத்தில் மூல எழுத்திலேயே தலைப்பும் ஆசிரியரும் இருக்கிற பதிவென்றால் கிடைத்துவிடும். இல்லாத பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டும், வேறு வழி இல்லை.

---

மலர்விழி_ஸ்கார்பரோ

சுந்தரம் ஐயா, உங்களுக்கு ரொம்ப நன்றி. 041 பற்றி இங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை. திங்கட்கிழமையே கேட்கிறேன்.

---

யூனிகோடு_முருகு

தமிழ் எழுத்தில் தேடச் சொல்வதற்கு முன்னால் தேடிப் பார்த்துவிடுங்கள் அக்கா. அங்கேயும் கண்ணி இருக்கிறது.

'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சரியாகத் தட்டினால் ககரத்தோடு ஔகாரக் குறி சேரும். நிறையப் பேர் 'கெ' அடித்து, 'ள' அடித்து, 'ரி' அடிக்கிறார்கள்: கெளரி. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பதிவில் ஒன்று, வாசகர் தட்டியது இன்னொன்று என்றால் 'முடிவுகள் இல்லை' என்றுதான் வரும். 'ஸ்ரீ'யும் அப்படித்தான், யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். இந்தக் கடைசி வகையை யூனிகோடின் நெறிப்படுத்தல் முறை சரிசெய்துவிடும், தேடுபொறியில் அதை இயக்கியிருந்தால் போதும். ஔகாரத்தையும் ஸ்ரீயையும் அது தொடாது, அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். அப்புறம் ஒற்று. 'புதுமைபித்தன்' என்று ப் இல்லாமல் தட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

இது நம் மொழிக்கு மட்டும் வந்த வினை இல்லை. அரபு, உருது எழுத்துகளில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிற 'யே'வுக்கும் 'காஃப்'புக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. சீனத்தில் மரபெழுத்து, எளியெழுத்து என்று இரண்டு. பல மொழிப் பக்கம் தயாரிக்கிறவர் ஒவ்வொரு மொழிக்காரரையும் உட்காரவைத்து, அவரவர் வழக்கப்படி பத்துப் பெயரைத் தட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. உங்கள் தளத்தில் விடை வராமல் போன தேடல்களின் பதிவு எங்காவது இருக்கும். தேடியவர் யார் என்பதை நீக்கிவிட்டு, தேடிய சொல்லை மட்டும் கேட்டு வாங்குங்கள். புத்தகம் இருந்தும் கிடைக்காதது எது, புத்தகமே இல்லாதது எது என்று பிரியுங்கள். முதலாவது பட்டியலாக்கப் பிரிவுக்குப் போகட்டும், இரண்டாவது வாங்கும் பிரிவுக்கு. வாசகர் மனதில் இருப்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எந்தக் கருத்துக்கணிப்பாலும் முடியாது.

---

லெஸ்டர்_கௌரி

என் பெயரை வைத்தே பாடம் நடந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் நான் மாறுபடுகிறேன்.

என் அம்மா நூலகத் தளத்தில் தேடுவதே இல்லை. என் சிநேகிதிகளும் தேடுவதில்லை. ஒரு புத்தகம் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் தேடல் பெட்டிக்குப் போவார். இப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாதவர் எதைத் தட்டுவார்? 041-ம் 880-ம் அவருக்கு என்ன செய்யும்?

எங்கள் வட்டாரத்தில் புத்தகம் பரவுவது வாட்ஸ்அப்பில். கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, பூப்பந்துக் குழு. யாராவது ஒருத்தி அட்டைப் படத்தைப் போட்டு, 'இதைப் படிச்சு ராத்திரி தூக்கம் வரல' என்று ஒரு வரி எழுதினால் மறுநாள் நாலு பேர் முன்பதிவு செய்கிறார்கள். நூலகம் அழகான பக்கம் தயாரித்து யாரும் வராத மூலையில் வைப்பதைவிட, ஒரு படமும் ஒரு வரியும் நேராக முன்பதிவுக்குப் போகிற சுட்டியும் தயாரித்து இந்தக் குழுக்களுக்கு அனுப்பலாம். குஜராத்திக் குழுவுக்கு ஒரு குஜராத்திப் பெண்ணே அனுப்பட்டும், போலிஷ் குழுவுக்கு ஒரு போலிஷ்காரர் அனுப்பட்டும்.

---

கேட்லாகர்_சுந்தரம்

கௌரி அம்மா, வாட்ஸ்அப்பில் சுட்டி போகட்டும், நல்லதுதான். அது போய்ச் சேருகிற இடம் எது? அந்தப் புத்தகத்தின் பதிவுதானே. அந்தப் பதிவில் தலைப்பு தவறாக இருந்தால், இதைப் போன்ற வேறு புத்தகங்களுக்கு வழி இல்லாமல் இருந்தால், வந்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிப்போவது பதிவின் வேலை.

---

மலர்விழி_ஸ்கார்பரோ

இரண்டு பேர் சொல்வதையும் இங்கே உள்ளவர்கள் அனுபவித்திருக்கிறோம். 2023 அக்டோபர் இறுதியில் டொராண்டோ பொது நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது நினைவிருக்கும். நூறு கிளைகள் கொண்ட நூலகம், கனடாவிலேயே பெரியது. கிளைகள் திறந்திருந்தன, கடனும் கொடுத்தார்கள். ஆனால் ஆன்லைன் பட்டியலும் முன்பதிவும் மாதக்கணக்கில் இல்லை. திரும்பி வந்த புத்தகங்களைக் கணினியில் ஏற்ற முடியாமல் லாரிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள், அப்படிச் சேர்ந்தவை பத்து லட்சம் அளவுக்கு. அதே மாதம் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்கும் அதே கதி.

அந்த மாதங்களில் வாசகருக்கு இருந்தது பக்கத்துக் கிளையின் அலமாரி மட்டும்தான். பெரும்பான்மை மொழிக்கு அது பரவாயில்லை, எல்லாக் கிளையிலும் ஏராளமாக இருக்கும். சின்ன மொழிப் புத்தகங்கள் சில கிளைகளில்தான் இருக்கும். இந்தக் கிளைத் தமிழ்ப் புத்தகத்தை அந்தக் கிளை வாசகருக்குக் கொண்டுபோனது ஆன்லைன் பட்டியலும் முன்பதிவும்தான். அதனால் பட்டியல் சரியாக இருப்பது சிறுபான்மை மொழி வாசகருக்குத்தான் அதிகம் தேவை என்று நினைக்கிறேன். கௌரி சொன்னதையும் விடப்போவதில்லை. பக்கத்தில் வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் பகிரத் தயாரான படமும் வரியும் சேர்த்தே தயாரிப்பேன்.

---

நிலாவின்_அப்பா (மெல்பர்ன்)

குழந்தைகள் பக்கம் பேச்சே வரவில்லையே! என் மகளுக்கு ஏழு வயது. எழுத்துக்கூட்டித் தேடச் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தினர் 2002-இல் 'பன்னாட்டுக் குழந்தைகள் மின்னூலகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தேடும் திரையை வடிவமைக்கும்போது குழந்தைகளையே கூட வைத்துக்கொண்டார்கள். விளைவு என்ன தெரியுமா? அட்டையின் நிறத்தை வைத்துத் தேடும் வசதி வந்தது. சிவப்பு அட்டைப் புத்தகம் வேண்டும் என்றால் சிவப்பைத் தொட்டால் போதும் என்று வைத்தார்கள். குட்டிப் புத்தகமா, தடிப் புத்தகமா, கதையில் வருவது விலங்கா, பிள்ளைகளா என்றும் கேட்க முடிந்தது. மொழியோ நாடோ குழந்தை எடுக்கிற முதல் முடிவாக இருக்க வேண்டியதில்லை. சிவப்பைத் தொட்டவள் கையில் பாரசீகக் கதையும் வந்தது, குரோஷியக் கதையும் வந்தது. பிற பண்பாடு என்ற பெயரே இல்லாமல் பிற பண்பாடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்தியப் பக்கம் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளில் தொடங்கினார்கள். கதைகளெல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்தும் கொடுக்கலாம். ஒரே கதையை வேறு வேறு மொழிகளில் திறக்கலாம். நாங்கள் தமிழில் ஒருமுறை படிப்போம், பிறகு அதே கதையைப் பக்கத்து வீட்டு வியட்நாமியப் பையன் அவன் மொழியில் காட்டுவான், படம் அதேதான். உங்கள் நூலகப் பக்கத்தில் இதற்கு ஒரு சுட்டி போட உங்களுக்குக் காசு செலவில்லை.

டொராண்டோ நூலகத்தில் தொலைபேசியில் கதை கேட்கிற வசதி உண்டு, தமிழும் அதில் இருக்கிறது. படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கண் தெரியாத தாத்தாவுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி! அதையும் பக்கத்தின் மேலேயே போடுங்கள், அடியில் போட்டுவிடாதீர்கள்.

---

தெம்பனிஸ்_வாசகி

நிலாவின் அப்பா சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. 'பன்முகப் பண்பாட்டு நூல்கள்' என்று தனிப் பெயர்ப்பலகை வேண்டவே வேண்டாம். ஜப்பானியப் படக்கதை, நைஜீரிய நாவல், தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஆங்கிலேயர் எழுதவில்லை என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பலகையைப் போட்ட உடனே, மற்ற புத்தகங்கள் எல்லாம் வெறும் 'புத்தகங்கள்', இவை ஏதோ விசேஷச் சரக்கு என்று ஆகிவிடுகிறது.

---

மலர்விழி_ஸ்கார்பரோ

வாசகி, மனசுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் பலகை இல்லாவிட்டால் என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் நூல் மையம் 1985-இல் எண்ணத் தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே வெளிவந்த குழந்தை நூல்கள் ஏறத்தாழ 2,500. அவற்றில் கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது படம் வரைந்தவை 18. அந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட்டதால்தான் பதிப்பாளர்களைப் பிறகு கேள்வி கேட்க முடிந்தது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கில்கூடப் பாதி நூல்களில் நாயகர்கள் வெள்ளையர், 27 சதவீதத்தில் விலங்கும் பொம்மையும். அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகள் வந்தது 1 சதவீதத்தில். முயலுக்கும் கரடிக்கும் கிடைத்த இடம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. பெயர் வைத்து எண்ணாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

---

தெம்பனிஸ்_வாசகி

எண்ணுவதற்குப் பெயர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெயர் நூலகத்தின் உள்ளே, பதிவுக்குள்ளே இருக்கட்டும். வாசகர் பார்க்கிற பக்கத்தில் வாசகருக்குப் பிடித்த விஷயம் தலைப்பாக இருக்கட்டும். 'பாட்டி வளர்த்த பிள்ளைகள்', 'கடலோர ஊர்கள்', 'புது ஊரில் முதல் வருஷம்', 'துப்பறியும் பெண்கள்' இப்படி. ஒவ்வொன்றிலும் கனடாப் புத்தகம் ஒன்று, கொரியப் புத்தகம் ஒன்று, சோமாலியப் புத்தகம் ஒன்று, தமிழிலிருந்து ஒன்று என்று கலந்து வையுங்கள். துப்பறியும் கதைக்காக வருகிறவர் கொரியாவுக்கும் போய்வருவார். 'கொரிய இலக்கியம்' என்று எழுதினால் அவர் பக்கத்திலேயே வரமாட்டார்.

---

நிலாவின்_அப்பா

அதோடு, தயவுசெய்து பண்டிகை மட்டும் வேண்டாம். தீபாவளிக்குத் தீபாவளிப் புத்தகம், சீனப் புத்தாண்டுக்கு டிராகன் புத்தகம், பிப்ரவரி வந்தால் கறுப்பின வரலாறு, பிறகு வருஷம் முழுக்க ஒன்றும் இல்லை. என் மகள் தீபாவளி கொண்டாடுகிற பெண் மட்டுமில்லை. அவள் சைக்கிள் ஓட்டுகிறாள், பல் விழுகிறது, தோழியோடு சண்டை போடுகிறாள். அந்த மாதிரிக் கதையில் அவளைப் போன்ற ஒரு பெண் வர வேண்டும். 1990-இல் அமெரிக்கக் குழந்தை இலக்கிய ஆய்வாளர் ருடைன் சிம்ஸ் பிஷப் எழுதிய கட்டுரை ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் இன்றும் பாடம். புத்தகம் பிள்ளைக்குப் பிறர் வாழ்க்கையைக் காட்டுகிற சாளரமாகவும் தன்னையே காட்டுகிற கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர். பண்டிகைப் பட்டியலில் பிள்ளைக்குக் கண்ணாடி வருஷத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கிறது.

---

யாழ்_ஆசிரியை

தாமதமாக வருகிறேன், மன்னிக்க. எங்கள் பக்கத்து நிலைமையும் சொல்ல வேண்டும்.

என் மாணவர்களுக்குச் சிங்கள இலக்கியத்தைத் தமிழில் காட்ட விரும்புகிறேன். ஒரே தீவில் இருந்துகொண்டு பக்கத்து மொழிக்காரர் என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் வளர்வது சரியில்லை. சிங்களத்திலிருந்து தமிழுக்கு நல்ல மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் சின்னப் பதிப்பகங்கள், குறைந்த பிரதிகள், நூலகப் பட்டியலில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் சிற்றிதழ்களையும் 2005 முதல் மின்னாக்கி வருகிற நூலகம் நிறுவனத்தின் தளம்தான் எனக்குக் கைகொடுக்கிறது. மலையகத்தாரும் முஸ்லிம்களும் எழுதியவையும் அங்கே உண்டு. பழைய சிற்றிதழ் ஒன்றில் சிங்களச் சிறுகதை மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தால், அந்த மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர் செய்த மற்றவற்றைத் தேடுவேன். எனக்கு ஆசிரியரைவிட மொழிபெயர்ப்பாளர் பெயர்தான் நல்ல வழிகாட்டி. ஒரு மொழிபெயர்ப்பாளரின் ரசனையை நம்பிவிட்டால் அவர் காட்டுகிற பத்து எழுத்தாளர்களை நம்பலாம்.

மலர்விழி, உங்கள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரை ஆசிரியர் பெயருக்கு இணையான அளவில் போடுங்கள். அதைச் சொடுக்கினால் அவருடைய எல்லா நூலும் வரட்டும். பன்னாட்டு புக்கர் பரிசு 50,000 பவுண்டை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துத் தருகிறது. நூலகப் பக்கம் பெயரையாவது சமமாகப் போடலாமே.

---

லெஸ்டர்_கௌரி

புக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022-இல் ஹிந்தி நாவலுக்கும் 2025-இல் கன்னடச் சிறுகதைத் தொகுப்புக்கும் அந்தப் பரிசு கிடைத்தது. பரிசு அறிவித்த வாரத்தில் எல்லோரும் அந்த ஒரே புத்தகத்தைத் தேடுவார்கள், வரிசை நீளும், கிடைக்காதவர் மறந்துவிடுவார். காத்திருப்பு வரிசைக்குப் பக்கத்திலேயே 'காத்திருக்கும் நேரத்தில் கன்னடத்திலிருந்து இவை இப்போதே அலமாரியில் இருக்கின்றன' என்று மூன்று புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள் மலர். ஆர்வம் சூடாக இருக்கிற நேரம் அதுதான்.

---

யூனிகோடு_முருகு

மின்னூல் பற்றி ஒரு வார்த்தை. லிப்பி மாதிரி நூலகச் செயலிகளில் தமிழ் மின்னூல் குறைவாக இருக்கிறது என்று பலர் நூலகத்தைக் குறை சொல்கிறார்கள். தனிநபருக்கு விற்கிற மின்னூலை நூலகம் அப்படியே வாங்கிக் கடன் கொடுக்க முடியாது, அதற்குப் பதிப்பாளர் தனி உரிமம் தர வேண்டும். நம் பதிப்பாளர்களில் பலர் கிண்டிலோடு நின்றுவிட்டார்கள். லிப்பியில் ஒரு புத்தகம் பட்டியலில் இருந்து, உங்கள் நூலகத்தில் இல்லை என்றால், 'எனக்குத் தெரிவி' என்று குறித்து வைக்கலாம். எத்தனை பேர் குறித்தார்கள் என்பது நூலகத்துக்குத் தெரியும். ஐம்பது பேர் புலம்புவதைவிட ஐந்து பேர் குறித்து வைப்பது பலன் தரும்.

---

மலர்விழி_ஸ்கார்பரோ

எல்லோருக்கும் நன்றி. முதல் பக்கத்துக்கான வரைவைத் தொடங்கிவிட்டேன். தலைப்பு 'கடலோர ஊர்கள்'. எட்டுப் புத்தகம், எட்டு மூல மொழி, அதில் ஆங்கிலமும் ஒன்று.

குறிப்பு எழுதுவதில்தான் நேரம் போகிறது. பதிப்பாளர் தருகிற வரியை அப்படியே போட்டால் 'ஒரு பண்பாட்டின் செழுமையான சித்திரம்' என்று இருக்கிறது. அதைப் படித்து யார் எடுப்பார்கள்? நான் எழுதிப் பார்ப்பது இப்படி: 'வலை பின்னுகிற அக்காவும் நீச்சல் தெரியாத தம்பியும். மலையாளத்திலிருந்து. 140 பக்கம், இரண்டு மாலையில் முடியும். சாவு ஒன்று வருகிறது, பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். இந்தக் கிளையிலும் இன்னும் இரண்டு கிளையிலும் இருக்கிறது.' பக்க அளவும் எச்சரிக்கையும், புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதும் வாசகருக்கு உடனே தெரிகிறது. எந்த மொழி என்பதும் தெரிகிறது, ஆனால் அது இரண்டாவதாக வருகிறது. புத்தகத்தை முழுசாகப் படித்தவர்தான் குறிப்பு எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். அதனால் மாதம் எட்டுக்கு மேல் முடியாது. பரவாயில்லை.

விடை வராத தேடல்களின் பட்டியலும் கைக்கு வந்துவிட்டது. தமிழில் தட்டியவை நிறைய. சுந்தரம் ஐயா, முருகு தம்பி, உங்களுக்கு நேரம் இருந்தால் அதில் தமிழ்ப் பகுதியை இங்கே இறக்குகிறேன். பெயர், அட்டை எண் ஒன்றும் அதில் இல்லை, வெறும் சொற்கள்தான்.

---

கேட்லாகர்_சுந்தரம்

இறக்குங்கள் அம்மா. பதிவு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் 880 இல்லாதவற்றுக்கு நானே தமிழில் தலைப்பு எழுதி அனுப்புகிறேன். உங்கள் பிரிவு சரிபார்த்து ஏற்றிக்கொள்ளட்டும்.

---

யூனிகோடு_முருகு

ஔகாரம், ஸ்ரீ, ஒற்று மூன்றுக்குமான விதிகளை நான் எழுதித் தருகிறேன். உருதுவுக்கு ஆள் வேண்டும், யாராவது தெரிந்தவர் இருக்கிறார்களா?

---

லெஸ்டர்_கௌரி

என் பக்கத்து வீட்டு நஸ்ரீன் பாஜி உருது ஆசிரியை. இன்றைக்குச் சாயங்காலம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.